ஒன்றரைக் கிலோ அக்கா

எங்கள் வீட்டில் ஓர் அக்காவும் ஒரு தங்கச்சியும் இருக்கிறார்கள். வயது வித்தியாசம் இரண்டு நிமிடம். பிறந்த அன்று நிறை வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோ. அக்கா ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தங்கச்சி இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. இவர்களில் யார் பெரியவள் என்ற தகராறு அன்று தொடங்கியது. எட்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

பேராதனை ஆஸ்பத்திரியில் பிறந்தார்கள். கடைசி ஸ்கேனில் ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. மற்றது முந்தைய ஸ்கேனில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. உள்ளே அவளுக்குப் போகவேண்டியது சரியாகப் போகவில்லை, இனியும் காத்திருக்க முடியாது என்று சொல்லி, நாள் வருவதற்கு ஐந்து வாரம் முன்பே சிசேரியன் செய்தார்கள். டாக்டரின் கைக்கு முதலில் அகப்பட்டது சின்னது. கை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் எங்கள் குடும்ப வரலாறே மாறியிருக்கும்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்த எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் பூனைக்குட்டி முனகுவது போல ஒன்று. அப்புறம், கண்டி பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் ஆள் கூப்பிடுவது போல ஒன்று.

என் கணவர்தான் முதலில் இரண்டையும் பார்த்தவர். அவர் மாநகர சபையில் விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் இருப்பவர். எதையும் முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னங்க, ரெண்டும் நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு. ஒண்ணு புள்ள மாதிரியே இருக்கு.”

“மத்தது?”

கொஞ்சம் யோசித்தார். “மத்தது, புள்ள ஆகப்போற மாதிரி இருக்கு.”

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் வலித்ததில் அழுகையும் வந்தது. அவர் எதைத் துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பெரியது, அதாவது தங்கச்சி, என்னோடு வார்டில் இருந்தது. சின்னதைக் குறைமாதப் பிள்ளைகளின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நான் அங்கே போகவேண்டும். பால் எடுத்துக் கொடுத்தால் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். அப்புறம் அவளை என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் கையை விரித்தால் அவள் முழுதாக அதற்குள் அடங்கினாள். மூச்சு விடுகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் மூச்சு பல தடவை நின்றது.

அந்த நேரங்களில் பெரியதைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். புறப்படும்போது அது கத்தும். நான் குனிந்து சொல்வேன், “நீ பெரிய புள்ளதானே? கொஞ்சம் பொறுத்துக்க.” அப்போது அந்தப் பெரிய பிள்ளைக்கு வயது மூன்று நாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளைப் பார்த்த டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, நடுத்தர வயது. கிளம்பும்போது என்னை உட்காரவைத்துச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சின்னது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பிந்தும். கவிழ, உட்கார, நடக்க எல்லாவற்றுக்கும். ஐந்து வாரம் முந்திப் பிறந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். முக்கியமாக, ஒன்றை மற்றதோடு வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் அதனதன் வளர்ச்சிக் கோட்டில் பாருங்கள்.

நான் தலையாட்டினேன். ஆனால் நான் ஒரு கணித ஆசிரியை. ஒரே அச்சில் இரண்டு கோடுகளை என் கையில் கொடுத்துவிட்டு ஒப்பிடாதே என்றால் நான் என்ன செய்வேன்?

கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு மேலே ஏறும் ஒரு சந்தில் எங்கள் வீடு. வந்த வாரமே நிறை குறிக்கக் கட்டம் போட்ட கோட்டுத்தாள் வாங்கி, அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். கிளினிக் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி வரைபடம் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. சிவப்பில் அக்கா, நீலத்தில் தங்கச்சி. நீலம் படி ஏறுவது போல ஏறியது. சிவப்பு, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஏறியது. சட்டை எடுக்கக் கதவைத் திறந்த கணவர் ஒருநாள் கேட்டார், “என்ன இது, வீட்டுக்குள்ள மரக்கறி வெல ஒட்டியிருக்கு?”

கிளினிக்கில் சின்னவளுக்கு மட்டும் சத்துமா கொடுத்தார்கள். உருண்டை பிடித்து ஊட்டினேன். ஒழுங்காக வாயைத் திறப்பாள், வாங்கிக்கொள்வாள். ஒன்றரை வயதாகும் தறுவாயில், நிறை பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் தராசைத் தொங்கவிட்டு, இரண்டு பேரையும் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அம்மா, சத்துமா யாருக்குக் குடுக்குறது?”

“சின்னவளுக்குத்தான் மிஸ்.”

“அப்ப ஏன் மத்தவ கூடுறா?”

அடுத்த நாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உருண்டையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, நான் திரும்பும்வரை சின்னவள் காத்திருந்தாள். பிறகு அதை எடுத்து நீட்டினாள். பெரியவள் வாயைத் திறந்துகொண்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் அதில் பூரண திருப்தி.

பெரியவள் பதினொரு மாதத்தில் நடந்தாள். சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள். முதல் சொல் அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. “எடு.” இரண்டாவது சொல் “தா.” அவள் விரலை நீட்டுவாள், பெரியவள் ஓடிப்போய் எடுத்துவருவாள். பந்து, சீப்பு, என் செருப்பு, ஒருதடவை ஊறுகாய்ப் போத்தல். நானோ ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று, எழுந்து நிற்பாள், கதிரையைப் பிடித்துச் சுற்றுவாள், கையை விடமாட்டாள்.

எதிர்வீட்டு முஸ்லிம் ராத்தா நாலு பிள்ளை பெற்றவர். அவர் வந்து வாசலில் நின்று இந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டீச்சர், சின்னவக்கு ஒண்டும் இல்ல. அவ ராணி. மத்தவதான் அவட குசினிக்காரி. காலடிக்கு எல்லாம் வந்தா எவ நடப்பா?”

பதினேழாம் மாதத்தில் ஒருநாள் குசினிக்காரி வேலைநிறுத்தம் செய்தாள். கையில் பிஸ்கட் பக்கட். அக்கா “தா” என்றாள். தங்கச்சி தரவில்லை. வாசல்வரை போய் நின்று தின்றாள். அக்கா இன்னும் பலமாக “தா” என்றாள். பிறகு கோபத்தில் எழுந்தாள், கதிரையை விட்டாள், நாலு அடி வைத்துப் போய் பக்கட்டைப் பறித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள்.

நான் கணவருக்குப் போன் எடுத்தேன். “நடந்துட்டா!” என்றேன்.

“என்ன நடந்திச்சு?” என்றார் அவர், பயந்துபோய்.

“ஐயோ, சின்னவ நடந்துட்டாங்க!”

அப்புறம் அவர் வரிசையில் நின்றவர்களுக்குத் தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் செய்தியை அறிவிப்பது கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படித்தான். பெரியவள் முதலில் செய்வாள், சின்னவள் பிந்திச் செய்வாள், செய்த பிறகு தான்தான் முதலில் செய்தது போல நடந்துகொள்வாள். இரண்டு நிமிட மூப்பை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பஸ்ஸில் யாராவது பெரியவளைக் காட்டி, “மூத்தவங்களுக்கு எத்தன வயசு?” என்று கேட்டால் போதும், என் மடியிலிருந்து ஒரு குரல் வரும். “நான்தான் மூத்தவ.” கேட்டவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர் இந்தக் குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்று எண்ணிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? முட்டை அவித்தால் மஞ்சள் கரு சின்னவளுக்கு. மழை பெய்தால் குடை சின்னவளுக்கு. சின்னவள் தும்மினால் டாக்டர், பெரியவள் தும்மினால் “மூக்கத் தொடச்சுக்க.” படி ஏறும்போது பெரியவள் கடைசிப் படியில் தடுக்கி விழுவாள். “கண்ண எங்க வச்சுக்கிட்டு வார?” என்று ஏசிவிட்டு சின்னவளைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன்.

நான் படிப்பிக்கும் பாடசாலையிலேயே இரண்டு பேரும் தரம் ஒன்றில் சேர்ந்தார்கள். ஒரே வகுப்பு, உட்காருவதும் ஒரே வாங்கில். இரண்டாம் தவணையில் வகுப்பாசிரியை என்னை ஆசிரியர் அறையில் பிடித்தார்.

“டீச்சர், ஒங்க புள்ளைங்க ரெண்டும் சேந்தா ஒரு கெட்டிக்காரப் புள்ள. பிரிச்சா கஷ்டம். சின்னவ எழுதமாட்டா, பென்சில புடிச்சா கை நோகுதுங்குறா. பெரியவ கரும்பலகையப் பாக்கவே மாட்டா. சின்னவ பாத்து வாசிக்கிறா, பெரியவ ரெண்டு கொப்பியிலயும் எழுதுறா.”

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். சின்னவளின் விரலில் பலமில்லை! அன்றே மா பிசைந்து உருட்டக் கொடுத்தேன், மணி கோக்கக் கொடுத்தேன், துணி மாட்டும் கிளிப்புகளை வாங்கி அழுத்தச் சொன்னேன். இரண்டாவது பாதிக்கு ஒரே வரியில் வைத்தியம் பார்த்தேன். “விளையாட்டுப் புத்திய விட்டுட்டு போர்டப் பாத்து எழுது, என்ன?” பெரியவள் சரி என்றாள். அவளும் மா கேட்டாள். “ஒனக்கு எதுக்கு? ஒன் கை நல்லாத்தானே இருக்கு” என்றேன்.

சில வாரம் கழித்துத் தரம் ஒன்றுக்கு மருத்துவப் பரிசோதனை வந்தது. எனக்கு அந்தப் பாடவேளை ஓய்வு. மண்டபத்துக்குப் போனேன், சின்னவளின் நிறையைப் பார்க்க. தராசில் ஏறி நின்றாள், பதினாலரை. போன தடவையைவிட அரைக் கிலோ அதிகம். சந்தோஷத்தில் நான் அதைக் கையில் எழுதிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் கண் பரிசோதனை நடந்தது. சுவரில் E எழுத்து எல்லாத் திசையிலும் திரும்பியிருக்கும் அட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் இளம் வயதுக்காரர், தமிழர், பொறுமைசாலி.

பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். மேலே என்று காட்டினாள், சரி. வலது, சரி. கீழே, சரி. எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி தாமதம். பரிசோதகர் அட்டையை விட்டுவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அக்கா நின்றாள். தங்கச்சியின் சீருடையைப் பின்பக்கம் பிடித்திருந்தாள். மேல் என்றால் மேலே ஓர் இழுப்பு, வலது என்றால் வலப்பக்கம் ஓர் இழுப்பு.

“சின்ன மகள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க பாப்பம்.”

அக்கா விலகினாள். பரிசோதகர் அடுத்த எழுத்தைச் சுட்டினார். பெரியவளின் கை அசையவில்லை. அதற்கு முந்தியதைச் சுட்டினார். அசையவில்லை. மேல் வரிசையிலிருந்த பெரிய எழுத்தைச் சுட்டினார்.

“இந்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கு மகள்?”

அவள் கண்ணைச் சுருக்கி மிகவும் முயற்சி செய்தாள். அப்புறம் மரியாதையாகக் கேட்டாள், “எழுத்து எங்க இருக்கு சேர்?”

“அவளுக்குத் தூரத்துல தெரியாது சேர்,” என்றாள் அக்கா, வேலை தெரிந்தவள் வேலை தெரியாதவருக்கு விளக்குவது போல. “நான்தான் பாத்துச் சொல்றது.”

கையில் எழுதிய பதினாலரையோடு நான் அங்கேயே நின்றேன். கொப்பியில் மூக்கு உரச எழுதுவாளே, என்ன அக்கறை என்று நான் பெருமைப்பட்டது ஞாபகம் வந்தது. டிவிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வாள், இழுத்துப் பின்னால் விடுவேன். கடைசிப் படி. கரும்பலகை. ஆறு வருடமாக ஒரு பிள்ளையைக் கோட்டுத்தாளில் வைத்துப் பார்த்தேன், மற்றப் பிள்ளையின் கோடு அழகாக ஏறுகிறது என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்காமலே விட்டுவிட்டேன். அதுவும் ஒரு டீச்சர்.

பாடசாலை விட்டதும் கன்டீனுக்குப் பக்கத்து வாங்கில் அவளை உட்காரவைத்தேன். அக்காவும் கூடவே வந்து உட்கார்ந்தாள், சாட்சிக்கு.

“ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?”

“என்ன சொல்றது?”

“தூரத்துல தெரியலன்னு.”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனைச்சேன்.”

“அக்காவுக்குத் தெரியுதுன்னு ஒனக்குத் தெரியும்தானே?”

அவள் என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்ற பார்வை. “அவ அக்காதானேம்மா. அவளுக்குக் கூடுதலாத் தெரியும்.”

நான் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். நல்ல பாரம். எத்தனையோ நாளாக அவளைத் தூக்காததால் அந்தப் பாரம் எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. அவளும் எப்படி உட்காருவது என்று தெரியாமல் விறைப்பாக இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சாய்ந்துகொண்டாள்.

“சுகமில்லாதது அக்காதானே. எனக்கும் வருமா?” என்று கேட்டாள்.

“வரும்டா. ஒனக்கும் என்ன வேணும்னாலும் வரும்,” என்று உளறினேன். அதைக் கேட்டு அவளுக்கு மிகவும் சந்தோஷம்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடி போட்டால் சரி, ஆனால் வருடாவருடம் காட்ட வேண்டும் என்றார். குறைமாதத்தில் பிறந்ததாலா என்று நான் கேட்டேன். இரட்டையில் சின்னவளுக்கு வராமல் இவளுக்கு ஏன் என்றும் கேட்டேன். அவர் என் கணவரின் மூக்கிலிருந்த தடித்த கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். என் கணவர் அதைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

நீலச் சட்டம் போட்ட கண்ணாடி. கடையிலேயே மாட்டிவிட்டோம். தெருவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள், நீண்ட நேரம்.

“அம்மா, ஒங்க மொகத்துல இவ்வளவு புள்ளியா?”

“ஆமா.”

“அப்பா, ஒங்களுக்கு முடி இவ்வளவுதானா?”

அவர் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “இவ்வளவு செலவழிச்சு இதக் கேக்கணுமா?” என்றார்.

வகுப்பில் கூட்டுக் கம்பனி கலைந்தது. தங்கச்சிக்குக் கரும்பலகை தெரிந்துவிட்டதால் அக்காவின் வாசிப்புக்குத் தேவை இல்லாமற்போனது. அக்காவின் கொப்பியில் எழுதிக்கொடுக்கத் தங்கச்சிக்கும் காரணம் இல்லாமற்போனது. சின்னவளின் பாடு கஷ்டமாகிவிட்டது. ஒரு வரி எழுத முகம் சிவந்து, வியர்த்து, பென்சிலை எறிந்து, மறுபடி எடுத்து எழுதுவாள். எழுத்துகள் மலையேறுவது போலப் போகும். எனக்குப் போய் எழுதிக்கொடுத்துவிடக் கை துடிக்கும். என் கையை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எடுத்தது முழுதாக ஒரு வருடம். இப்போது எழுதுகிறாள். அழகென்று சொல்ல முடியாது, வாசிக்கலாம்.

மா பிசையும் வேலையை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். அதில் எங்களுக்குக் கிடைத்த ரொட்டிகளின் வடிவத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

போன மாதம் தங்கச்சியின் கண்ணை டாக்டரிடம் காட்டும் நாள் வந்தது. அக்கா தனக்கும் தலையிடி, தனக்கும் தூரத்தில் தெரியவில்லை என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இப்படி அசட்டையாக விட்டுப் பட்டவள் நான். கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவளையும் உட்காரவைத்துப் பொறுமையாகப் பார்த்தார். கடைசி வரிசைவரை தப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொன்றையும் சரியாக எதிர்ப்பக்கம் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். “மகளுக்குக் கண் ரெண்டும் முதல் தரம். கண்ணாடி தேவையில்லை.”

வெளியே வந்ததும் அழத் தொடங்கினாள். மருந்தெடுக்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நோயோ என்று ஓர் அம்மா அனுதாபத்தோடு என் கையைத் தொட்டார். ஒரு நோயும் இல்லை, அதற்காகத்தான் அழுகிறாள் என்று எப்படிச் சொல்வது?

தங்கச்சி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். இப்போது ஒரு தலை உயரம் கூட என்பதால் கை வசதியாக உட்கார்ந்தது.

“அழாத அக்கா. நீ எல்லாத்துக்கும் லேட்டுதானே? ஒனக்கும் வரும்.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கொஞ்சம் யோசித்தாள். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும், அழுகையை நிறுத்திவிட்டாள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கத்துக்கு இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.